பொடக்காணிக் கறி

பவானியில் அறுபது வயதைத் தாண்டிய ஆண்களை இரண்டாகப் பிரிக்கலாம். உடும்புக்கறி தின்றவர்கள் ஒரு பிரிவு, தின்றதாகச் சொல்கிறவர்கள் மறு பிரிவு. முதல் பிரிவு வயதின் காரணமாகக் குறைந்துகொண்டே வருகிறது. இரண்டாம் பிரிவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. பொழுதோட கூடுதுறைப் பக்கம் காற்றாட உட்காரும் கூட்டத்தில் ஒருவர் "அந்தக் காலத்துல" என்று தொண்டையைச் செருமினால் போதும். முயல், மான், முள்ளம்பன்றி என்று ஒரு காடே படியிறங்கி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகும்.

எனக்குத் தெரிந்த அந்தக் காலத்தில் இப்படியெல்லாம் யாரும் பேசியதில்லை. தின்றுவிட்டு, வாயைக் கழுவிக்கொண்டு, கமுக்கமாக இருந்தார்கள்.

எங்கள் வீடு பவானியில், ஜமுக்காளத் தறிகளின் சத்தத்துக்கு நடுவில். பள்ளிக்கூடம் லீவு விட்டால் அந்தியூர் ரோட்டில் இருந்த, அம்மாவின் அப்பாவான அப்பிச்சியின் தோட்டத்துக்குப் போய்விடுவோம். அங்கே அம்மாவைப் பெற்ற அமுச்சி ஒரு சட்டம் வைத்திருந்தார். கோழியும் வெள்ளாடும் அடுப்படிக்குள் வேகலாம். காட்டிலிருந்து வந்தது எதுவாக இருந்தாலும் வீட்டுக்குப் பின்னால் பொடக்காணிதான். மூன்று கல், விளிம்பு உடைந்த ஒரு மண்சட்டி, அதற்கென்று ஒரு கொட்டாங்குச்சிக் கரண்டி. வேலை முடிந்ததும் சட்டியும் கரண்டியும் எருக்குழிக்குப் பக்கத்தில் கவிழ்ந்துவிடும். அடுத்த தோட்டத்துக்காரம்மா வேலியோரம் நின்று, "என்னுங் அம்முணி, கொழம்பு வாசம் ஊரைத் தூக்குது" என்று கேட்டால், "கருவாடுங்க" என்று அமுச்சி முகம் மாறாமல் சொல்வார். கேட்டவருக்கும் தெரியும். அவர் வீட்டுப் பொடக்காணியிலும் வாரத்துக்கு ஒருமுறை அதே கருவாடுதான்.

சொந்தபந்தம், ஒரம்பரை வருகிறார்கள் என்றால் கெடுபிடி இன்னும் அதிகம். சம்பந்தி வீட்டார் வந்திருந்த ஒரு நாளில் சின்ன மாமா கையில் முயலோடு வாசல் வழியாக நுழைந்துவிட்டார். அமுச்சி அவரைப் பார்த்த பார்வையில் முயல் இன்னொரு முறை செத்திருக்கும். "பொண்ணு குடுத்த எடத்துல, காட்டுக்கறி திங்கற குடும்பம்னு பேராயிருமுடா" என்பது அவர் கவலை. காசு கொடுத்து வாங்கின கறிதான் கௌரவமான கறி. சும்மா கிடைப்பது இல்லாதவர்கள் சாப்பாடு என்பது ஊர் எழுதி வைக்காத விதி.

கௌதாரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அப்போது தோட்டத்துக்குத் தோட்டம் கிளுவை வேலி. உயிர்வேலி என்பதால் ஒரு கோடை முடிந்து நாலு மழை பெய்தால் அடர்ந்து திரண்டு நிற்கும். அதன் அடியில் கௌதாரி கூட்டமாகத் திரியும். விடியற்காலையில் அது எழுப்பும் சத்தத்தில் தூங்க முடியாது. வேலிக்கு அடியில் பறவை நுழைந்து போகும் சந்துகள் இருக்கும். அங்கேதான் கண்ணி வைப்பார்கள். கண்ணிக்குக் குதிரைவால் மயிர்தான் வேண்டும். அந்தியூர் குருநாதசாமி நோம்பியில் ஆடி மாதம் கூடும் குதிரைச் சந்தைக்கு மாமா போனது சாமி கும்பிடவா, வால் மயிர் பிடுங்கவா என்பது கடைசிவரை தெளிவாகவில்லை. மயிரை மூன்று நான்காகச் சேர்த்துத் தொடையில் வைத்து உருட்டித் திரித்து, சுருக்குப் போட்டு, ஒரு குச்சியில் கட்டி நட்டுவிட வேண்டும். கழுத்து நுழைந்தால் இறுகும். பிறகு நைலான் நூல் வந்தது, குதிரைகள் பிழைத்தன.

ஒரு கௌதாரி கால் கிலோ தேறும். வீடு நிறையச் சனம், சட்டியில் இரண்டு கௌதாரி. வரமிளகாயும் கொத்தமல்லியும் வறுத்து அம்மியில் அரைத்து, சின்ன வெங்காயத்தைக் கை ஓயும்வரை உரித்துப் போட்டு, தேங்காயைச் சில்லுச் சில்லாகக் கீறி, கடலெண்ணெயில் இறக்கினால் கொழம்பு சிவப்பாக மினுங்கும். கறி அதில் ஒரு வதந்தி. பெரியவர்களுக்கு நெஞ்சும் தொடையும் போக, எங்களுக்கு வந்தது கழுத்தெலும்பும் தேங்காய்ச் சில்லும். இருட்டில் தேங்காய்ச் சில்லைக் கறி என்று நினைத்து மென்று, அது கறி இல்லை என்று தெரிந்த பிறகும் சொல்லாமல் மென்றுகொண்டே இருப்போம். உண்மையைச் சொல்லிவிடலாம்: கறி வறண்டு நார் நாராக இருக்கும், பல்லில் மாட்டிக்கொள்ளும். பிரமாதமாக இருந்தது வெங்காயம்தான்.

முயல் கொஞ்சம் வசதியான சமாச்சாரம். ராத்திரி நெற்றியில் ஹெட்லைட் கட்டிக்கொண்டு போவார்கள். வெளிச்சம் கண்ணில் விழுந்தால் முயல் ஓடாது, அப்படியே நிற்கும். பயிர்ப் பாதுகாப்புக்கு என்று லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கிகள் அந்தக் காலத்தில் சில தோட்டங்களில் இருந்தன. வாய்வழியே மருந்து கெட்டித்து, ரவை போட்டுச் சுடுவது. முயல் அடித்தால் கூறு போட வேண்டும். தலை துப்பாக்கிக்காரருக்கு, ஒரு தொடை லைட் கட்டினவருக்கு, குடல் நாய்க்கு. மீதியில்தான் ஊர். தின்னும்போது பல்லில் 'கடுக்' என்று ஒன்று கடிபடும். துப்பினால் தட்டில் மிளகளவு ஈய ரவை உருளும். அதைக் கழுவித் தீப்பெட்டியில் சேர்த்து வைத்திருந்தோம். யார் பெட்டியில் அதிகம் என்று போட்டி வேறு. ஈயம் உடம்புக்கு ஆகாது என்று சொல்ல ஆளில்லை. சொல்லியிருந்தாலும் தீப்பெட்டியைக் கொடுத்திருக்க மாட்டோம்.

முயல் ரத்தத்தை வீணாக்க மாட்டார்கள். அதில் எண்ணெய் காய்ச்சித் தேய்த்தால் முடி கருகருவென்று வளரும் என்று நம்பிக்கை. எங்கள் பெரிய மாமா வருசக்கணக்காகத் தேய்த்தார். அவர் தலை ஊராட்சிக்கோட்டை மலைப்பாறை மாதிரி கடைசிவரை மின்னியது. ஆனாலும் எண்ணெயின் பேரில் அவர் ஒரு குறையும் சொன்னதில்லை. தேய்க்காமல் இருந்திருந்தால் புருவமும் போயிருக்கும் என்பார்.

உடும்பு எங்கள் வீட்டில் கறியாக நுழையவில்லை, மருந்தாக நுழைந்தது. அப்பிச்சிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டபோது யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். மருந்து என்று சொல்லிவிட்டதால் அடுப்படிக்குள்ளேயே வெந்தது. இடுப்பு வலி அப்பிச்சிக்கு மட்டும்தான், மருந்து எல்லோரும் சாப்பிட்டோம். எப்படி இருந்தது என்று இப்போது யார் கேட்டாலும், "கோழி மாதிரி" என்கிறேன். முயலும் கோழி மாதிரி, கௌதாரியும் கோழி மாதிரி, உலகத்தில் தெரியாத கறி எல்லாமே கோழி மாதிரிதான். பிராய்லர் ஒன்றுதான் கோழி மாதிரி இல்லை.

இந்தக் கதைகளில் வழக்கமாக விட்டுப்போகிற ஒன்று இருக்கிறது. வாய்க்கால் பாய்ச்சலில் நெல் அறுத்த வயலில் எலி பிடிப்பார்கள். வளையின் வாயில் வைக்கோலடைத்த பானையை வைத்துப் பற்றவைத்து ஊதினால் புகை உள்ளே போகும். எலி மறுவாசல் வழியாக வெளியே வரும். வளையைத் தோண்டினால் அது சேர்த்து வைத்த நெற்கதிர் படி கணக்கில் கிடைக்கும். பிடித்தவர்கள் எங்கள் தோட்டத்தில் கூலிக்கு வந்தவர்கள். நெல் மிச்சமாகிறது என்று அப்பிச்சிக்குச் சந்தோசம். எலியை அவர்கள் வயலிலேயே சுட்டுத் தின்பதைப் பார்த்து முகம் சுளிப்பதும் அதே அப்பிச்சிதான். அதே ஆட்கள் முயல் பிடித்தால் அதில் ஒரு தொடை தோட்டத்து வீட்டுக்கு வந்துவிட வேண்டும். எதைத் தின்றால் கேவலம் என்பதை விலங்கு தீர்மானிக்கவில்லை, யார் தட்டில் இருக்கிறது என்பது தீர்மானித்தது. நாங்கள் பையன்கள் வரப்புக்குப் பின்னால் உட்கார்ந்து அவர்கள் கொடுத்த எலிக்கறியைத் தின்றோம். வீட்டில் சொல்லவில்லை. மழை பெய்த மறுநாள் ஈசலையும் அப்படித்தான் அரிசியோடு வறுத்துத் தின்றோம்.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் தில்லியிலிருந்து பவானிக்கு அது நடந்தே வந்தது போலிருக்கிறது. முயல் அதன் நாலாவது பட்டியலில் இருந்தது, உடும்பு முதல் பட்டியலில் இருக்கிறது என்பதெல்லாம் எங்கள் சட்டிக்கு வெகுகாலம் தெரியாது. சட்டத்தை ஊருக்குள் கொண்டுவந்து சேர்த்தது, வேடிக்கையாகப் பார்த்தால், வீரப்பன்தான். 1990களில் அவரைத் தேடிப் பர்கூர், கொளத்தூர் மலைகளில் அதிரடிப்படை முகாம் போட்ட பிறகு, ராத்திரி ஒரு வேட்டுச் சத்தம் கேட்டால் மறுநாள் காலையில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "முயலுக்குங்க" என்ற பதிலை நம்புவதற்கு யாரும் தயாராக இல்லை. துப்பாக்கிகள் ஸ்டேசனுக்குப் போயின, ஹெட்லைட்டுகள் பரண் ஏறின. 2004 அக்டோபரில் வீரப்பன் கதை முடிந்தபோது எங்கள் பக்கத்து வேட்டைக் கதையும் ஏறக்குறைய முடிந்திருந்தது.

அதன்பிறகு காடு வேறு ஆளாகிவிட்டது. சத்தியமங்கலம் 2008இல் சரணாலயம், 2013இல் புலிகள் காப்பகம். 2024இல் அந்தியூர், கோபி வட்டக் காடுகளில் சுமார் 80,000 ஹெக்டேர் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயமானது. புலால் தின்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று மேடை மேடையாகப் பேசிய ஈரோட்டுக்காரர் பேரில், ஒரு முயலைக்கூடத் தொடக்கூடாத காடு. 2022இல் திருத்திய சட்டம் ஆறு பட்டியல்களை நாலாகச் சுருக்கியது. முயலும் கௌதாரியும் இப்போது இரண்டாம் பட்டியல். பிடித்தால் மூன்று வருசம்வரை சிறை, ஒரு லட்சம்வரை அபராதம். உடும்பு முதல் பட்டியல் என்பதால் குறைந்தபட்சமே மூன்று வருசம். அப்பிச்சியின் இடுப்பு வலிக்கு இன்றைய கணக்கில் குடும்பத்தோடு உள்ளே போயிருப்போம்.

சட்டம் வந்து சேர்ந்த பிறகுதான் எல்லோருக்கும் பேச்சு வந்தது. கூடுதுறைக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். பெரும்பாணாற்றுப்படையில் எயினர்கள் விருந்தாளிக்குச் சோற்றோடு, நாய் பிடித்த உடும்பைப் பொரித்துக் கொடுத்தார்கள் என்பார். கண்ணப்பர் பன்றிக்கறியை வாயில் போட்டுப் பதம் பார்த்துத்தானே காளத்தியப்பருக்குக் கொடுத்தார் என்பார். இரண்டும் உண்மை. ஆனால் வாத்தியார் சுத்த சைவம். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டார். அன்று பொடக்காணியில் ஒளித்த சட்டிக்கு இன்று சங்க இலக்கியத்தில் சான்று இருக்கிறது. அமுச்சிக்குத் தெரிந்திருந்தால் சம்பந்தி வீட்டாரிடம் அத்தனை பொய் சொல்லியிருக்க வேண்டாம்.

காட்டுக்கறி போனாலும் நாக்கு போகவில்லை. அதற்குப் பதிலாக வந்தவை ஒவ்வொன்றும் தனிக் கதை. முதலில் ஜப்பான் காடை. 1974இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட பறவை, நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்கள் கையில் பட்டதும் கூண்டுக்குள் பெருகியது. ஐந்து வாரத்தில் இருநூறு கிராம், ஆறேழு வாரத்தில் முட்டை. வயலையோ வரப்பையோ கண்ணால் பார்க்காத ஜீவன். ஆனால் பைபாஸ் கடைப் பலகையில் அதன் பெயர் 'காட்டுக் காடை'. நடுவில் 2011 வாக்கில், காடை என்றாலே வனவிலங்குதான் என்று மத்திய அரசு ஒரு பிடி பிடித்தது. பிறகு, ஜப்பான் காடை வேறு, நாட்டுக் காடை வேறு என்று விளக்கி விட்டுவிட்டார்கள். கொஞ்ச காலம் பண்ணையாளர்கள், தங்கள் பறவை வெளிநாட்டுப் பிரஜை என்று நிரூபிக்கவேண்டிய நிலையில் இருந்தார்கள்.

அடுத்தது ஈமு. நாங்கள் வேடிக்கை பார்க்கும் தூரத்தில், பெருந்துறையில், 'சுசி ஈமு' தொடங்கியது. 1.5 லட்சம் ரூபாய் கட்டினால் ஆறு குஞ்சு, தீனியும் அவர்களே, மாதாமாதம் கைக்குப் பணம். டிவியில் சினிமாக்காரர்கள் விளம்பரம். கால் கிலோ கௌதாரியைக் கொழம்பு வைத்தே காலந்தள்ளிய கொங்குநாடு, ஆள் உயரப் பறவையைக் கண்டு மயங்கியதில் ஆச்சரியம் இல்லை. எண்ணெய் விற்கலாம், தோல் விற்கலாம், இறகு விற்கலாம், கறி விற்கலாம் என்றார்கள். வாங்குபவர் யார் என்ற ஒரு கேள்வி மட்டும் பாக்கி இருந்தது. 2012 ஆகஸ்டில் எல்லாம் சரிந்தது. முதலீட்டாளர்கள் பாதுகாப்புச் சட்டத்தின்படி கோவை தனி நீதிமன்றத்தில் வழக்கு, பிறகு தண்டனை. நடுவில், கேட்பாரற்று நின்ற பறவைகளுக்கு அரசாங்கமே தீனி போட வேண்டியதாயிற்று. அந்தச் சமயத்தில் தெரிந்த தோட்டக்காரர் ஒருவர் எங்களைக் கூப்பிட்டு ஈமு விருந்து வைத்தார். கறி கருஞ்சிவப்பாக இருந்தது. பறவைக்கறி போலவே இல்லை. மாட்டுக்கறி நிறம் என்று இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள். மீதிப் பேர் நிறைய சாப்பிட்டோம். உபசரித்தவர்தான் ஒரு வாய் வைக்கவில்லை. ஒவ்வொரு துண்டும் அவருக்கு எத்தனை ஆயிரம் என்பது அவருக்குத்தானே தெரியும்.

இதற்கிடையில் தோட்டத்தில் நடந்ததுதான் எனக்குப் பிடிபடாத கணக்கு. கண்ணியும் இல்லை, துப்பாக்கியும் இல்லை, ஹெட்லைட்டும் இல்லை. கௌதாரி பெருகியிருக்க வேண்டும் அல்லவா? அப்பிச்சி தோட்டத்துப் பக்கம் இப்போது விடியற்காலையில் நன்றாகத் தூங்கலாம். கிளுவை வேலியை வெட்டிக் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்துவிட்டார்கள். வரப்பில் முளைக்கும் புல்லுக்குக் களைக்கொல்லி. பாதித் தோட்டம் சைட் போட்டு விற்றாகிவிட்டது. வாங்கியவர்கள் யாரும் ஒரு கௌதாரியையும் கொன்றதில்லை, தின்றதில்லை. அது உட்கார இடம்தான் இல்லை. வேட்டை நல்லது என்று நான் வக்காலத்து வாங்க வரவில்லை. நாங்கள் கண்ணி வைத்துத் தின்ற காலத்திலும் வேலி இருந்தது, அதற்குள் மறுநாளும் கௌதாரி இருந்தது. அவ்வளவுதான் என் சாட்சியம்.

பெருகியவை வேறு. மயில் 1963 முதல் தேசியப் பறவை. அதற்கு முன்பிருந்தே முருகன் வாகனம். இரட்டைப் பாதுகாப்போடு தக்காளிக் காட்டில் மேய்கிறது. காட்டுப்பன்றி ராத்திரியோடு ராத்திரியாகக் கடலைக்காட்டை உழுதுவிட்டுப் போகிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு ஓர் அனுமதி கொடுத்தது: காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்த பன்றியை வனத்துறையினர் சுடலாம். பன்றி எத்தனையாவது கிலோமீட்டரில் நிற்கிறது என்று டேப் பிடித்துக்கொண்டு யார் போவது என்று என் மச்சான் கேட்கிறார். சட்டப்படி வேட்டையாடப்பட்ட வனவிலங்கு அரசாங்கச் சொத்து. "உசுரோட இருந்தா என் கடலைய திங்குது, செத்தா கவருமெண்டு சொத்துங்கறாங்க. நடுவால நான் எங்கீங் வர்றேன்?" என்கிறார். கண்ணப்பர் இன்று வந்தால் அவருக்கும் இதே பதில்தான் கிடைக்கும்.

போன தீபாவளி முடிந்து, பழைய பள்ளித் தோழர்கள் சிலர் லட்சுமி நகர்ப் பக்கம் பைபாஸ் ஓட்டல் ஒன்றில் கூடினோம். அதில் ஒருவர் கூடுதுறைக் கூட்டத்தின் தலைமைப் பேச்சாளர். பரிமாறும் பையன் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "ஸ்பெசல் ஒண்ணு இருக்குதுங்கய்யா. வெளிய சொல்லீராதீங்க. கௌதாரிங்" என்றான். தலைமைப் பேச்சாளரின் கண் விரிந்தது. தட்டு வந்தது. வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு எல்லாம் இருந்தன. கறி பல்லில் மாட்டாமல் பஞ்சு போல் பிய்ந்தது. எலும்பு நொறுங்கியது. நண்பர் கண்ணை மூடி, "அதே ருசிடா. எங்க அப்பிச்சி தோட்டத்து ருசி" என்றார். மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள்.

கை கழுவுகிற சாக்கில் சமையற்கட்டுப் பக்கம் போய் மாஸ்டரிடம் கேட்டேன். அவர் சட்டியைக் கிளறிக்கொண்டே சொன்னார்: "காடைங்கய்யா. நாமக்கல் சரக்கு. கௌதாரி வித்துப்போட்டு மூணு வருசம் உள்ள கெடக்கறதுக்கு நானென்ன கிறுக்கனா? கௌதாரின்னா பிளேட்டுக்கு நூறு ரூவா சேத்திக் குடுக்கறாங்க. ஏமாத்திப் போட்டான்னு எவனும் போலீசுக்குப் போவ மாட்டான் பாருங்."

மேசைக்கு வந்தபோது பில் வந்திருந்தது. 'காடை வறுவல்' என்று நேர்மையாகவே அச்சடித்திருந்தார்கள். கீழே 'ஸ்பெஷல்' என்று தனி வரி. நண்பர் அதை விரலால் தட்டிக் காட்டி என் காதோரம் சொன்னார்:

"பாத்தியா, எத்தனை உசாரு. மாட்டிக்குவோம்னு காடைன்னு போட்டிருக்கான்."